புள்ளி

எட்டு மாடிக் கட்டடங்கள், ஒரே அச்சில் வார்த்தவை,
ப்ர்னோ நகரின் கிழக்கு விளிம்பில்.
நவம்பர் வந்தால் வீடு வீடாகப் போய்
தண்ணீர் மீட்டர் பார்ப்பது என் பிழைப்பு.
குளியலறையில் மண்டியிட்டு, டார்ச் அடித்து,
சிவப்பு எண், நீல எண், கையெழுத்து.
முடித்த வீட்டின் அழைப்புமணிக்குக் கீழே
பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன்.
மறதிக்காரனின் ஏற்பாடு. பதினோரு வருடமாக.

இந்த வருடம் அதை யாரோ பார்த்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை லிஃப்டில் ஒரு காகிதம்:
கதவுகளில் குறி வைக்கிறார்கள்.
ஒரு புள்ளி என்றால் தனியாக இருக்கும் பெண்.
இரண்டு என்றால் பகலில் ஆள் கிடையாது.
(இரண்டு, வெந்நீர் மீட்டரும் உள்ள வீடுகளுக்கு வைத்தது.)
மூன்று ஆச்சரியக்குறி. கீழே பெயர் இல்லை.
புதன்கிழமை காலை அதே காகிதத்தில் வேறொரு கை
'நாய் இருந்தால் முக்கோணம்' என்று சேர்த்திருந்தது.
நான் பள்ளிக்கூடம் விட்ட பிறகு
முக்கோணமே போட்டதில்லை.

வதந்திக்குக் கால் கிடையாது என்பார்கள்.
எங்கள் பேட்டையில் அதற்கு லிஃப்ட் இருக்கிறது.

நான்காம் மாடி திருமதி ஹவ்ரான்கோவா
சங்கிலி மாட்டிய கதவின் இடுக்கில் கேட்டார்:
மீட்டர்காரர் என்பதற்கு என்ன அத்தாட்சி?
அட்டையைக் காட்டினேன்.
அட்டையைத்தான் முதலில் தயார் செய்வார்களாம், என்றார்.
போன நவம்பரில் இதே கை பிளம் கேக் வெட்டித் தந்தது,
இதே குரல் மகனின் விவாகரத்தைச் சொல்லி உடைந்தது.
இன்று அவரே உள்ளே போய் எண்ணைப் படித்துச் சொன்னார்,
கண்ணாடி இல்லாமல், தப்பாக.
அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஆறாம் மாடி போஹுமில் சுத்தியலோடு திறந்தார்.
படம் மாட்டிக்கொண்டிருந்தாராம்.
கையில் ஆணி இல்லை.

அன்று மாதத்தின் முதல் புதன்.
நண்பகலில் நகரம் முழுக்கச் சைரன் ஊதிப் பார்ப்பார்கள்.
போருக்கும் வெள்ளத்துக்கும் என்று வைத்த குரல்
இரண்டு நிமிடத்துக்கு மேல் ஊளையிட்டது.
டிராமில் ஒருவர்கூடத் தலை திருப்பவில்லை.
ஒரு சிறுவன் வாழைப்பழத்தின் நாரைப்
பொறுமையாக உரித்துக்கொண்டிருந்தான்.
கடுகில் பாதி இருக்கும் பென்சில் கரிக்குத்தான்
மூன்று பேர் போலீசைக் கூப்பிட்டார்கள்.

வந்தவள் சின்னப் பெண். புதுத் தொப்பி.
புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுத்தாள்.
சந்தேகப்படும்படி யாரையாவது பார்த்தீர்களா,
நீங்கள்தான் எல்லா மாடியும் ஏறுகிறவர்?
படிக்கட்டு முழுக்க ஆட்கள், செருப்பும் ஸ்வெட்டருமாக.
சுத்தியல் இன்னும் சுத்தியலாகவே இருந்தது.
உண்மை என் சட்டைப்பையில் இருந்தது,
அரை விரல் நீளம், தலையில் ரப்பர் வைத்தது.
இல்லை என்றேன்.

சொன்ன பிறகு வேறு வழி தெரியவில்லை.
சாயங்காலம் விளக்கு அணைந்த மாடிகளில்
ஒவ்வொரு புள்ளியாக அழித்துக்கொண்டே இறங்கினேன்.
திருடன் நடப்பது எப்படி என்று
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை,
கால் விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

வியாழன் காலை புதுக் காகிதம்:
குறிகளை அழித்துவிட்டார்கள்.
அப்படியென்றால் இன்று இரவுதான்.

வேலை முடிந்து நான் வீடு சேர்வதற்குள்
செய்தி நான்கு தெரு தாண்டி எனக்கு முன்னால் போயிருந்தது.
மணி அடித்தேன். யிட்கா திறக்கவில்லை.
யாரு?
நான்.
நான் என்று யாரும் சொல்லலாம்.
ராதிம்.
பெயர்தான் மணிப்பலகையில் எழுதியிருக்கிறதே.

திருமணமாகி இருபத்திரண்டு வருடம்.
கதவுக்கு இந்தப் பக்கம் நின்று
என்னை நிரூபிக்க ஏதாவது கிடைக்குமா என்று யோசித்தேன்,
அவள் முழங்கால் தழும்பு, நாங்கள் விற்ற படகு.
அப்போதுதான் மணிக்குக் கீழே கண்ணில் பட்டது.
ஒரு புள்ளி.

முதல் நாள், முதல் வீடு, நானே வைத்தது.
தெரியும்.
இருந்தும் படிக்கட்டை
ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.